கவோரு உங்கள் பெயரல்ல

அண்ணை,

இன்று காலை வேலை உடுப்பைத் துவைக்கப் போடுமுன் அதன் பையைத் தட்டினேன். உங்கள் பெயர் அட்டை விழுந்தது. நீங்கள் போய் இத்தனை மாதமாகியும் வினாகிரியும் மீனும் கலந்த நாற்றம் அதைவிட்டுப் போகவில்லை. ஊசி குத்துகிறதென்று பின்பக்கம் நீங்கள் ஒட்டிய பிளாஸ்டரும் அப்படியே இருக்கிறது. முன்பக்கத்தில் ‘கவோரு’.

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் ஒரு ஜப்பான் உணவகம். சமைப்பவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணம். சாப்பிட வருகிறவர்களுக்கு அது தெரியக் கூடாதென்று முதலாளி உங்கள் நெஞ்சில் ஒரு ஜப்பான் பெயரைக் குத்திவிட்டார். நீங்கள் சாப்பிட வருகிறவர்கள் பார்க்கும் கண்ணாடித் தடுப்பருகே நின்று சுஷி சுற்றுகிறவர். பின்னால் சோறு அவிக்கிற எனக்குப் பெயரே தேவைப்படவில்லை. அந்தப் பெயரைக் கண்டு நான் எரிந்து விழும்போதெல்லாம் சிரிப்பீர்கள்.

“விடும் பிள்ளை. வேலை முடிய சேட்டோட அதையும் கழட்டிப்போட்டுத்தானே போறன்.”

ஒரு மதியம் ஜப்பானியப் பெண் ஒருவர் அட்டையைக் கண்டு முகம் மலர்ந்து தன் மொழியில் பேசத் தொடங்கினார். நீங்கள் கூச்சத்தோடு, நான் யாழ்ப்பாணம் என்றீர்கள். அவர் கோபிக்கவில்லை. தன் தாயின் பெயரும் கவோருதான், நறுமணம் என்று பொருள், ஆணுக்கும் பெண்ணுக்கும் வைப்பார்கள், தாத்தா பல நாள் யோசித்து வைத்த பெயர் என்று ஜெர்மன் மொழியில் சொல்லிவிட்டு, தட்டில் பாதியை மிச்சம் விட்டுப் போனார். அன்று முழுவதும் நீங்கள் தலை நிமிரவில்லை. பக்கத்தில் நின்ற முதலாளிக்கு அதில் ஒரு விஷயம்தான் காதில் ஏறியிருக்கிறது. எது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

உங்கள் இறுதிக் கிரியைக்குக் கடையிலிருந்து மலர்வளையம் வந்தது. நாடாவில் பொன்னெழுத்தில் ‘எங்கள் கவோருவுக்கு’. பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற உங்கள் மனைவி அதை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“தங்கச்சி, இது வேற ஆரின்ரையோ செத்தவீட்டுக்குரியது. மாறிக் கொண்டுவந்திட்டினம்.”

அந்தப் பெயரை நீங்கள் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. “ஓம் அக்கா, மாறித்தான் வந்திட்டுது” என்று தூக்கிக்கொண்டு போய் வெளியே குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். வைக்கவில்லை, எறிந்தேன்.

அடுத்த கிழமை முதலாளி என்னை உங்கள் இடத்துக்கு வரச் சொன்னார். அலமாரியில் தொங்கிய உங்கள் சட்டையிலிருந்து இதே அட்டையைக் கழற்றி, துடைக்கக்கூட இல்லை, என்னிடம் நீட்டினார். பெண்களுக்கும் பொருந்துமாம், புதிதாக அடிக்கத் தேவையில்லையாம். சீ, என்ன மனிதன். செத்தவரின் உடுப்பைக்கூட நாங்கள் தோய்த்துத்தான் அடுத்தவருக்குக் கொடுப்போம். குத்தமாட்டேன் என்றேன். அப்படியானால் வீட்டுக்குப் போகலாம் என்றார். அன்று சுஷி சுற்ற அவரிடம் வேறு ஆள் இல்லை. நான் அட்டையைப் பைக்குள் போட்டு, கையைக் கழுவிக்கொண்டு, வெறும் சட்டையோடு உங்கள் இடத்தில் போய் நின்றேன். அவர் முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார்.

அட்டையை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. இனி இது யாருடைய நெஞ்சிலும் ஏறாது.

உங்கள் வாடிக்கையாளர்கள் இன்னும் வருகிறார்கள். கவோரு எங்கே என்று கேட்கிறார்கள். அப்படி ஒருவர் இங்கே இருந்ததேயில்லை என்கிறேன். பிறகு உங்கள் பெயரைச் சொல்கிறேன், தகப்பன் பெயரோடு சேர்த்து, முழுதாக. வாயில் நுழையவில்லை என்று சிரிக்கிறார்கள். நுழையும்வரை நான் தட்டைக் கையில் கொடுப்பதில்லை.