மூன்றாவது ஊறல்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தொட்டி மேடையில் ஏறி இறங்காதே என்றால் நீ எங்கே கேட்கப் போகிறாய்.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். சுருக்கெழுத்துத் தேர்வில் மூன்றாவது முறையும் கோட்டை விட்டுவிட்டேன். நிமிடத்துக்கு நூற்றிருபது சொல் வேகத்தில் ஏழு நிமிடம் வாசிக்கிறார்கள். நான்கு நிமிடம் வரை நான் ராணி. ஐந்தாவது நிமிடத்தில் காது தூங்கப் போய்விடுகிறது. கை மட்டும் விவரம் தெரியாமல் ஏதோ கிறுக்கிக்கொண்டே இருக்கிறது. பிறகு அதைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தால், நான் எழுதியது எனக்கே புரியவில்லை. நீதிமன்றத்தில் என் வேலை ஜூன் வரைக்கும்தான். அதற்குள் தேறாவிட்டால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

இப்போது கோபப்படாமல் படி. வகுப்பில் என் பக்கத்து பெஞ்சுக்காரி தேர்வுக்கு முன்னால் ஒரு சின்ன பாட்டிலை எடுத்து நாக்குக்கு அடியில் ஐந்து சொட்டு விட்டுக்கொள்கிறாள். மூளை கூர்மையாகும், கவனம் சிதறாது என்கிறாள். என்னவென்று வாங்கிப் பார்த்தேன். உங்கள் கம்பெனி இலைச்சாறு. என் சொந்த அண்ணன் தொட்டி தொட்டியாக ஊறவைக்கும் சரக்கை ஊரே குடிக்கிறது, எனக்கு மட்டும் வாசம்கூடக் காட்டியதில்லை.

பதினோரு வயதில் பரீட்சை அன்றைக்குக் காபி குடித்து மயங்கி விழுந்தேன், டாக்டர் இதயம் பலவீனம் என்றார், எல்லாம் எனக்கும் நினைவிருக்கிறது. அதற்கப்புறம் நீ எனக்குக் காபி, டீ, ஓட்டப்பந்தயம், நீச்சல் எல்லாவற்றையும் தடை செய்துவிட்டாய். இப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. போனில் கேட்டால் “வேணாம்” என்று ஒரே வார்த்தையில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நீ அனுப்பாவிட்டால் நீதிமன்றத்துக்கு எதிர்க்கடையில் வாங்கிக்கொள்வேன்.

உன்
வாலு


ஜனவரி 20

அன்புள்ள வாலுக்கு,

உன் மிரட்டல் கடிதம் வந்தது. அம்மாவும் அப்பாவும் போனபின் உன்னை வளர்த்து ஆளாக்கியதற்கு எனக்குக் கிடைத்த பரிசு இது.

இரண்டு நாள் யோசித்தேன். நீ பிடித்த பிடியை விடமாட்டாய். பல் மருத்துவரிடம் போகமாட்டேன் என்று மேசைக்கு அடியில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தவள் நீ. ஆகவே இத்துடன் ஒரு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். கடைச் சரக்கு இல்லை, நானே தொட்டியடியில் நின்று உனக்கென்று பிடித்தது. சீட்டு ஒட்டியிருக்காது, தேடாதே. காலையில் ஐந்து சொட்டு.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடையில் மட்டும் வாங்காதே. தீர்ந்தால் எனக்கு எழுது, உடனே அனுப்புகிறேன். இந்த ஒரு விஷயத்தில் அண்ணன் பேச்சைக் கேள்.

இங்கே புதிதாக வந்த மேலாளர் எல்லாரையும் தலைக்கு வலை போடச் சொல்கிறார். எனக்குத் தலையில் முடியே இல்லை, இருந்தாலும் வலை போட்டுக்கொண்டுதான் நிற்கிறேன். சோதனை அறை அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறாள்.

சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதே.

அண்ணன்


ஜூன் 4

என் தங்க அண்ணாவுக்கு,

தேறிவிட்டேன். தேறிவிட்டேன். ஏழு நிமிடத்தில் ஒன்பதே பிழை. வேலை நிரந்தரம். இரண்டாம் நீதிமன்றம், ஜன்னலோர மேசை.

உன் இலைக்கு நான் கோயில் கட்டினாலும் தகும். சொட்டு விட்டு இருபது நிமிடம் கழித்து யாரோ என் காதில் இருந்து பஞ்சை எடுத்த மாதிரி இருக்கிறது. தேர்வன்று ஐந்தாவது நிமிடம் வந்தது, காது தூங்கவில்லை. வாசிக்கிறவர் மூச்சு எடுக்கும் இடம்கூடக் கேட்டது. இதை என்னால் தனியாகச் செய்திருக்கவே முடியாது, அண்ணா. எனக்குத் தெரியும் நான் எவ்வளவு மந்தம் என்று.

ஐந்து மாதமாகக் காலை ஐந்து மணிக்கு எழுந்து வானொலிச் செய்தியை எழுதிப் பழகினேன், அதுவும் கொஞ்சம் உதவியிருக்கலாம். ஆனால் பயிற்சி முன்னாலும் செய்ததுதானே.

ஒரு சந்தேகம். ஐந்து சொட்டு இப்போது போதவில்லை. இருபது விடுகிறேன். படபடப்பு எதுவும் இல்லை, இரவு நன்றாகத் தூங்குகிறேன். இன்னும் கொஞ்சம் கூட்டலாமா?

உன்
வாலு


ஜூன் 11

அன்புள்ள வாலுக்கு,

கடிதத்தை மேடையில் நின்றே படித்தேன். கண் கலங்கியது, இலை ஆவி என்று எல்லாரிடமும் சொல்லிச் சமாளித்தேன். அம்மா இருந்திருந்தால் தெருவைக் கூட்டியிருப்பாள்.

நீ மந்தம் இல்லை. இலைக்கு என்ன தெரியும், நூற்றிருபது சொல்லா எழுதத் தெரியும்? அதைப் பற்றி ஒருநாள் நேரில் பேசலாம்.

இருபது சொட்டு என்ன, ஒரு ஸ்பூனே குடி. நான் பார்த்துப் பிடித்தது, உனக்கு ஒன்றும் ஆகாது. இத்துடன் இரண்டு பாட்டில் அனுப்புகிறேன். கடையில் வாங்கக்கூடாது என்றது நினைவில் இருக்கட்டும்.

அண்ணன்


அக்டோபர் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

பார்சல் இன்னும் வரவில்லை. உன்னைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள், தொட்டி பக்கம் விடுவதில்லை என்று எழுதியிருந்தாயே, அதனால்தான் தாமதம் என்று புரிகிறது. முழங்காலுக்கு நல்லது, விடு.

எனக்கு இப்போது தினமும் இரண்டு ஸ்பூன். அது இல்லாமல் நான்கு நாள் ஓட்டினேன், ஒரு பக்கத்துக்குப் பத்துப் பிழை. நாளைக்கு ஒரு பெரிய வழக்கு. கட்டட வேலையில் சாரம் சரிந்து கணவனைப் பறிகொடுத்த அம்மா ஒருவர் சாட்சி சொல்ல வருகிறார். மூன்று வருடமாகக் காத்திருக்கிறாராம். ஒரு சொல் தவறக்கூடாது.

அதனால் உன் பேச்சை மீறிவிட்டேன். எதிர்க்கடையில் ஒரு பாட்டில் வாங்கி மேசையில் வைத்திருக்கிறேன். உங்கள் கம்பெனிதான், உங்கள் இலைதான், பிறகென்ன. சீட்டில் “ஐந்து சொட்டுக்கு மேல் வேண்டாம்” என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். படித்துச் சிரித்தேன். இரண்டு ஸ்பூன்காரியிடம் ஐந்து சொட்டுக் கதை.

கோபித்துக்கொள்ளாதே. நாளை சாட்சியம் முடிந்ததும் எப்படிப் போனது என்று எழுதுகிறேன்.

உன்
வாலு


அக்டோபர் 16
ஆஸ்பத்திரி வராந்தா

வாலு,

உள்ளே நீ தூங்குகிறாய். இரண்டு தடவை கதவு வரை வந்தேன். உன் கை போர்வைக்கு மேலே தானாக ஆடுவதைப் பார்த்தேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. அதனால் பெஞ்சில் உட்கார்ந்து, நர்ஸிடம் தாள் வாங்கி எழுதுகிறேன்.

உன் கடிதம் நேற்றுப் பகல்தான் கைக்கு வந்தது. கடையில் வாங்கினேன் என்ற வரியைப் படித்ததும் அலுவலக அறைக்கு ஓடினேன். முழங்கால் வலித்ததா என்றுகூடத் தெரியவில்லை. நீதிமன்றத்துக்குப் போன் போட்டால், யாரோ ஒருவர், “அவங்க முந்தாநேத்தே விழுந்துட்டாங்களே, உங்களுக்கு யாரும் சொல்லலையா?” என்றார். அந்த அறையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் போனை வைக்கவே இல்லையாம், மேலாளர்தான் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

சொல்லிவிடுகிறேன். நான் உனக்கு அனுப்பியது சாறே இல்லை.

இலையை முதலில் ஊறவைத்து வடிப்பதில்தான் வீரியம் எல்லாம் இறங்கும். இரண்டாவது ஊறலில் மிச்சம் மீதி வந்துவிடும். மூன்றாவது ஊறல் சக்கையைக் கழுவிய தண்ணீர். நிறம் இருக்கும், கசப்பு இருக்கும், வேறொன்றும் இருக்காது. அதைச் சாக்கடையில் விடுவோம். உனக்கு நான் அதைத்தான் பிடித்து, கொதிக்கவைத்துச் சுண்டவைத்து அனுப்பினேன். சோதனை அறை அக்காவிடம் கொடுத்து அளந்தும் பார்த்தேன். இதில் ஒன்றுமே இல்லை, செடிக்கு ஊற்றலாம் என்றாள்.

இதயம் பலவீனமான பிள்ளை. மறுத்தால் கடையில் வாங்கிவிடுவாய். வேறு வழி தெரியவில்லை. பெரிய புத்திசாலி என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

நீ இருபது சொட்டு என்று எழுதியபோது, ஸ்பூனாகவே குடி என்றேன். தண்ணீர்தானே என்று நினைத்தேன். உன் கையை நானே ஸ்பூனுக்குப் பழக்குகிறேன் என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. கடைப் பாட்டிலில் இரண்டு ஸ்பூன் என்றால் அளவுக்கு நாற்பது மடங்கு, வாலு. நாற்பது. பேருந்து முழுக்க அந்தக் கணக்கையே போட்டுக்கொண்டு வந்தேன்.

நீ தேறியது உன்னால்தான். எத்தனையோ தடவை எழுத நினைத்தேன். பொய் வெளியே வந்துவிடுமே என்று விட்டுவிட்டேன்.

எழுந்ததும் என்னைக் கூப்பிடு. மாலை வரை இங்கேதான் இருப்பேன்.

அண்ணன்


அக்டோபர் 24

அண்ணாவுக்கு,

அன்றைக்கு நர்ஸ் உன் கடிதத்தைக் கொடுத்தபோது நீ வெளியே உட்கார்ந்திருந்தாய் என்று தெரியும். வேண்டுமென்றேதான் கூப்பிடவில்லை. படித்ததும், வேறு யாருடைய கடிதத்தையோ மாற்றிக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். கையெழுத்தைப் பார்த்தேன், உன்னுடையதுதான். மறுபடி படித்தேன். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். சாப்பாடு வந்து ஆறிப்போய்த் திரும்பிப் போனது.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து என் அறைக்கு வந்துவிட்டேன். கை இன்னும் கொஞ்சம் நடுங்குகிறது, எழுத்தைப் பார்த்தால் தெரியும். ஒரு வாரத்தில் சரியாகும் என்கிறார்கள்.

விழுந்த அன்று நான் எழுதிய பக்கத்தை நீதிமன்றத்திலிருந்து கொண்டுவந்து காட்டினார்கள். பதினோரு வரி ஒழுங்காக இருக்கிறது. பன்னிரண்டாவது வரி பென்சில் தாளைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது. எனக்குக் கடைசியாக நினைவிருப்பது, அந்த அம்மா, “டிபன் பாக்ஸ் மட்டும் நசுங்காம இருந்துச்சு” என்று சொன்னது. பிறகு என் நெஞ்சுச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. அவர் மறுநாள் வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாராம். கணவன் செத்ததை இரண்டு தடவை சொல்லவைத்திருக்கிறேன். அவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை.

இன்னொன்று சொல்லவேண்டும். உட்கார்ந்து படி. ஆஸ்பத்திரியில் என் இதயத்தை மூன்று விதமாகச் சோதித்தார்கள். சின்ன வயதிலிருந்தே பலவீனம் என்று சொன்னேன். டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “யாரு சொன்னது? இதயம் குதிரை மாதிரி ஓடுது. ரெண்டு ஸ்பூன் குடிச்சா நானும்தான் விழுவேன்” என்றார். பதினோரு வயதில் விழுந்தேனே என்றேன். அன்று காலை சாப்பிட்டீர்களா என்று கேட்டார். சாப்பிடவில்லை அண்ணா. பயத்தில் இட்ட தட்டைத் தொடவே இல்லை. வெறும் வயிறு. அவ்வளவுதான் விஷயம். பதினெட்டு வருடத்தில் நீயோ நானோ இன்னொரு டாக்டரிடம் போய்க் கேட்டதே இல்லை. விளையாட்டு நேரத்தில் எல்லாருடைய செருப்பையும் காவல் காத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் நான். எதற்காக என்று இப்போது யாரைக் கேட்பேன்?

வெளியே வந்த அன்று நர்ஸ்கள் அறையில் ஒரு டம்ளர் காபி கொடுத்தார்கள். டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் குடித்தேன், பாதி டம்ளர். கசந்தது, உன் சக்கைத் தண்ணீர் அளவுக்கு இல்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அழுகைதான் வந்தது.

நீ பயந்து செய்தாய். தெரியும். பயந்து சொன்ன பொய்யை நான் பொறுத்துக்கொள்வேன், ஸ்பூனையும் ஒருநாள் மறப்பேன். என்னால் தாங்க முடியாதது ஜூன் மாதக் கடிதம்தான். என்னால் தனியாக முடிந்திருக்காது, நான் மந்தம் என்று உனக்கு எழுதினேன். அதைப் படிக்கும்போது உலகத்தில் உனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும், எழுதியது என் காதும் என் கையும்தான் என்று. நான் சொந்தமாகத் தேறினேன் என்ற செய்தி எனக்குத் தெரியாமல் உனக்கு மட்டும் தெரிந்திருந்தது. நான்கு மாதம் தினமும் காலையில் ஒரு பாட்டில் சாக்கடைத் தண்ணீருக்கு நன்றி சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். நீ அடுத்த பாட்டிலை அனுப்பினாய்.

நவம்பர் 22 மேல்நிலைத் தேர்வு. நிமிடத்துக்கு நூற்றைம்பது சொல், பத்து நிமிடம். பெயர் கொடுத்துவிட்டேன். பச்சைத் தண்ணீர் குடித்துவிட்டுப் போகப் போகிறேன்.

அதுவரை எழுதாதே. அதற்கப்புறமும் முடிவு கேட்டு எழுதாதே, போன் செய்யாதே, இங்கே யாரையும் விசாரிக்காதே. தேறினேனா இல்லையா என்று கொஞ்ச நாள் எனக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும்.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
சுருக்கெழுத்தாளர்,
இரண்டாம் நீதிமன்றம்