நம் கிணற்றை அளந்தேன்

அக்காவுக்கு,

நகரத்தின் குடிநீருக்காக நிலத்தடி நீர் தேடும் வேலையில், போன வாரம் நம் பழைய வீட்டுக் கிணற்றை அளந்தேன். நாடாவில் சாக்பீஸ் பூசி இறக்கினால், நனைந்த இடம்தான் நீர்மட்டம். குனிந்ததும் சின்ன வயதில் நீ எட்டிப் பார்த்துச் சொன்னது கேட்டது: "அடியே, கீழ ஒருத்தி என்னை மாதிரியே அழகா இருக்கா. பக்கத்துல ஒரு குரங்கும் நிக்குது."

சிரித்துவிட்டேன். "என்னம்மா, தண்ணி ஜோக் சொல்லுதா?" என்றார் உடன் வந்த ஜீப் ஓட்டுநர்.

மூன்று நாள் விடாமல் இறைத்தும் மட்டம் அரையடிதான் இறங்கியது. தண்ணீரும் அன்று போலவே சுத்தம். நீ பிள்ளைகளோடு குடிவருவதற்காக வெள்ளையடித்திருக்கிறாய். கூடத்தில் இன்னும் அந்த வாசனை. கிணறு வற்றுகிறது என்று நான் எழுதியிருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

உள்ளதையே எழுதிக் கையெழுத்திட்டேன். கிணற்றுக்காக வீட்டை அரசு எடுத்துக்கொள்ளும் அறிவிப்பு உனக்கு வரும். அதற்கு முன் இந்தக் கடிதம் வந்துவிட வேண்டும்.

தங்கை