விடுமுறை நாளில் வேலை செய்தவர்

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா நன்றாகத் தூங்குகிறாளா?

இங்கே யார் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்று கணினி அறிக்கையில் காட்டும் சூத்திரத்தை நான்தான் எழுதினேன். போன வாரம் வாசல் காவலாளி, தாயாருக்கு உடம்பு முடியவில்லை என்று ஊருக்குப் போக விடுப்பு கேட்டார். விடுப்பு பெறுவதற்கு வேண்டிய வேலை நாள் அறிக்கையில் போதவில்லை என்று மேலாளர் மறுத்துவிட்டார்.

"லீவு நாள்லயும் நான்தானே மேடம் கேட்டுல நின்னேன்?" என்று என்னிடம் வந்து கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. வார விடுமுறைகளை எல்லோருக்கும் ஒன்றுபோலக் கழிக்கும்படி எழுதியிருந்தேன். உடனே திருத்திவிட்டு மேலாளரிடம் போய், "தப்பு என்னோடது சார், அவரை அனுப்பிடுங்க" என்றேன். அன்றே அனுப்பிவிட்டார்.

நேற்று காவலாளி போன் செய்தார். "அம்மா போயிட்டாங்க மேடம். போறதுக்கு முன்னாடி என்னை அடையாளம் கண்டுக்கிட்டாங்க. அது போதும்."

நேற்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது சரியாகிவிட்டது, கவலைப்படாதீர்கள்.

அம்மாவைப் புதிதாக ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். தலை வாரச் சொல்ல வேண்டாம், இருக்கிறபடி இருக்கட்டும். என் விடுப்புக்கும் கணக்குப் பார்த்தேன், அப்பா. இன்னும் நாள் போதவில்லை. அந்தக் கணக்கில் தப்பு எதுவும் இல்லை.

மேலாளர் கூப்பிடுகிறார், போகிறேன்.

உங்கள் மகள்