சோற்றுக்கு வலது, வேலைக்கு இடது

ராத்தா,

இன்று காலை ஆஸ்பத்திரிக்கு அளவெடுத்துக்கொள்ள வந்த ஒரு பெண்ணின் கையில் மீன் வாடை. நர்ஸ் எழுந்து ஜன்னலைத் திறக்கப் போனாள். வேண்டாம் என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அந்தப் பெண்ணே திரும்பிப் பார்த்தாள். எனக்கு அந்த வாடை என்றால் நீங்கள்தான். தோப்பும்படி சந்தையில் மீன் வெட்டி முடித்து, எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் பஸ் ஏறுவீர்கள். அப்படியும் போகாது. நாறுதோ என்று என்னிடம் கேட்பீர்கள். ஆமாம் என்பேன். "நாறட்டே" என்று சொல்லிவிட்டு அளவெடுக்கும் கட்டிலில் ஏறிப் படுப்பீர்கள்.

மார்பில் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை ஆன பெண்களுக்கு அந்தப் பக்கத்துக் கையில் நீர் கட்டலாம். கண்ணுக்கு வீக்கம் தெரிவதற்கு முன்பே அதைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் எங்கள் ஆய்வு. மணிக்கட்டிலும் கணுக்காலிலும் ஒட்டும் பட்டைகளைப் பதித்து, உடம்பு உணராத அளவுக்கு மின்சாரம் செலுத்தி, இரண்டு கைகளும் அதை எவ்வளவு தடுக்கின்றன என்று பார்ப்போம். நீர் சேர்ந்த கை குறைவாகத் தடுக்கும். அந்த மெஷினை இயக்கியவள் நான்.

உங்களுக்கு அறுத்தது வலது பக்கம். "சோறு பெசையும்போ கை கனக்குது மோளே" என்றீர்கள். மெஷின் ஒன்றுமில்லை என்றது. அடுத்த முறையும் அதையே சொன்னது. டேப்பால் சுற்றி அளந்து பார்த்த டாக்டர், பயத்தில் அப்படித்தான் தோன்றும் என்று இதமாகச் சொன்னார். அந்த இதம்தான் உங்களுக்குப் பிடிக்கவில்லை. "கை என்னோடதா, மெஷினோடதா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கத் தோப்பும்படிக்கு வந்தேன். யாரோ வாங்கிய பெரிய நெய்மீனை வெட்டிக்கொண்டிருந்தீர்கள். ரப்பர் உறை போட்ட வலது கை மீனை அழுத்திப் பிடித்திருந்தது. கத்தி இடது கையில். நான் வாங்க வந்ததை மறந்து நின்றேன். ஆய்வில் சேரும் எல்லோரிடமும், எந்தக் கை பலமான கை என்று தெரிந்துகொள்ள, எந்தக் கையால் சாப்பிடுவீர்கள் என்று கேட்டிருந்தோம். எழுதத் தெரியாதவர்களும் பதில் சொல்லட்டும் என்று நாங்களே யோசித்து வைத்த கேள்வி அது. நம் பக்கத்தில் அதற்கு யார் இடது என்பார்கள்?

அதென்ன இடது கை என்று கேட்டேன். கத்தியை நிறுத்தாமலே சொன்னீர்கள். "வாப்பா அடிச்சு மாத்துனது சோத்துக்கு மட்டுந்தான். வேலைக்கெல்லாம் இதுதான்."

உழைக்கிற கையில் சதை அதிகம். சதை கூடிய கையும் மின்சாரத்தைக் குறைவாகத்தான் தடுக்கும். அதனால் பலமான கைக்குக் கணக்கில் கொஞ்சம் சலுகை உண்டு. அந்தச் சலுகையை உங்கள் வலது கைக்குக் கொடுத்திருந்தோம். அதில் சேர்ந்த நீரை மெஷின் பலம் என்று எடுத்துக்கொண்டது.

மறுநாள் உங்களையும் அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னபோது டாக்டர் தயங்கினார். ஒருவருக்கு மாற்றினால் எல்லோரிடமும் மறுபடி கேட்க வேண்டும், அதற்கு மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்றார். நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள்.

"எல்லார்ட்டயும் கேளுங்க சாரே. அதுவரைக்கும் நான் இவிடத்தான் இருப்பேன்."

மாலைக்குள் உங்கள் கணக்கை மட்டும் திருத்திப் போட்டுப் பார்த்தார். உங்கள் கை, நீர் கட்டியிருக்கிறது என்று சொல்லும் வரம்பைத் தாண்டி நின்றது. அவர் மன்னிப்புக் கேட்டார். நீங்களோ நீர் தங்காமல் அழுத்தி இறுக்கும் கை உறை எப்போது கிடைக்கும் என்று கேட்டீர்கள். பிறகு அனுமதி வந்து எல்லோரிடமும் கேட்டதில், உங்களைப் போல இன்னும் சில பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் நேரத்தோடு உறை கிடைத்தது.

அப்புறம் நோய் ஈரலுக்குப் போனது. அதற்கு எங்கள் மெஷினால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. இவ்வளவு சண்டை போட்டு என்ன பிரயோஜனம், போய்விட்டாரே என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உங்கள் கை வீங்கவே இல்லை. படுக்கையில் விழும் வரை மீன் வெட்டினீர்கள். கடைசியாக நான் உங்கள் கொச்சங்காடி வீட்டுக்கு வந்தபோது, ஊட்டப் போன மகளின் கையைத் தள்ளிவிட்டு, நீங்களே பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டீர்கள். என் கண் முன்னால் சாப்பிட்டீர்கள். அது பிரயோஜனம் இல்லையென்றால் வேறு எது பிரயோஜனம்?

இப்போது வேறு டாக்டர். நான் அளவெடுக்கும் அறையில் ஒரு துடைப்பம் வைத்திருக்கிறேன். வருகிற பெண்களிடம் கொடுத்து, கொஞ்சம் பெருக்கிக் காட்டுங்கள் என்பேன். சிரித்துக்கொண்டே பெருக்குவார்கள். எந்தக் கை முன்னால் போகிறது என்று பார்த்துக்கொள்வேன். இது எந்த விதிமுறையில் இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள் என்றேன். முறைத்தார். முறைக்கட்டும். கை கனக்கிறது என்று ஒரு பெண் சொல்லி, மெஷின் இல்லையென்று சொன்னால், நான் முதலில் நம்பப்போவது அவளைத்தான், ராத்தா. இதற்காக வேலை போனாலும் போகட்டும்.