பனி வெளிச்சத்தை அளந்த காலை

என் ரோசிக்கு,

போன மாதம் மலைக்கு வந்திருந்தேன். நீ இல்லாத வீட்டில் மூன்று நாள் தங்கினேன். யாரிடம் சொல்வது? உன்னிடம்தான்.

உன் அடக்கத்தன்று பெட்டிமேல் வைக்க ஒரு நல்ல படம் கிடைக்கவில்லை, தெரியுமா? ஆல்பத்திலும் கைபேசியிலும் எத்தனையோ இருந்தன. எல்லாம் தோட்டத் தொழிலாளர் லயன் வீட்டு வரிசைக்குப் பின்னால், தேயிலைச் சரிவில் எடுத்தவை. பின்னால் வெள்ளை வெளேரென்று பனிமூட்டம். முகம் இருக்கவேண்டிய இடத்தில் இருட்டு. கடைசியில் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கினோம்.

சின்ன வயதில் நீ அதற்கும் சிரிப்பாய். "கேமராவுக்கு நம்மளப் பிடிக்கல லா அக்கா. பல்லு மட்டும்தான் தெரியுது!" நானும் சேர்ந்து சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

பினாங்கில் எனக்கு என்ன வேலை என்று கேட்டுக்கொண்டே இருப்பாய். ஒரு கேமராவைச் செய்வதற்கு முன்பே, கணினிக்குள் அதைப் படம் எடுக்க வைத்துப் பார்ப்போம். அதற்கு முதலில் வெளிச்சத்தை எண்களாகக் கொடுக்கவேண்டும். வானத்திலிருந்து எவ்வளவு வருகிறது, இலையில், தோலில் பட்டு எவ்வளவு திரும்புகிறது என்று நிறம் நிறமாக. எங்களிடம் இருந்த காட்சிகளில் வெயிலும் வெளுத்த முகங்களும்தான்; பனியும் இல்லை, நம் நிறமும் இல்லை. உன்னை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய பிறகுதான் அது என் கண்ணில் பட்டது.

அதனால்தான் போன மாதம் வெளிச்சத்தை அளக்கும் கருவியோடு வந்தேன். உன் வீட்டுக்காரர் அந்தோணி சிரித்தார்.

"வெளிச்சத்த அளக்கவா இவ்ளோ தூரம் வந்தீங்க அக்கா? இங்க பனிதானே இருக்கு லா!"

"அந்தப் பனி வெளிச்சம்தான் வேணும்."

மறுநாள் காலை உன் மகள் நிர்மலா சரிவில் வந்து நின்றாள். அச்சு அசல் உன் நிறம். "பெரியம்மா, பவுடர் போட்டுக்கவா?" என்றாள்.

"வேணாம்மா. இருக்கிற மாதிரியே நில்லு."

பினாங்கு திரும்பி, அளந்த எண்களைக் கணினிக்குக் கொடுத்தேன். வந்த படத்தில் பனி வெளேரென்று இருந்தது, பிள்ளையின் முகம் இருட்டு. பக்கத்து மேசைக்காரர், "என்ன, தோத்துப்போச்சா?" என்றார். எனக்கோ சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. நிஜக் கேமரா செய்யும் தவற்றை அது அப்படியே செய்திருந்தது. இனி எங்கே தப்பென்று தேடலாம், திருத்தலாம். இரண்டு வாரம் திருத்தினோம். நேற்று நிர்மலாவின் கண்கள் தெரிந்தன. பிறகு கன்னம்.

உன் பழைய படங்களை இதனால் மீட்க முடியாது, ரோசி. பதியாத வெளிச்சம் பதியாததுதான். அதுதான் வலிக்கிறது.

மழை வெளிச்சத்தை இன்னும் அளக்கவில்லை. மழை பிடித்ததும் மேலே வருகிறேன். உன் பிள்ளைகளோடு கிறிஸ்துமஸ் வரை இருப்பேன். நீ கூப்பிட்டபோதெல்லாம் "வேலை இருக்கு" என்று தட்டிக்கழித்தவள் நான். இந்தத் தடவை வேலையே அங்கேதான்.

உன் கூடப்பிறந்த அக்கா,
மேரி