வியாழக்கிழமைக் கேள்விகள்

அன்புள்ள தனுஷிகா அப்பாவுக்கு,

குவைத்திலிருந்து மாலதி எழுதுவது. பதுளைக்குப் போய் நெஞ்சுச்சளிக்கு மருந்து எடுத்தீர்களா? போனில் பேசினால் தோட்டத்து லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் மகளுக்கும் கேட்டுவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

வகுப்பில் அவள் பேசுவதே இல்லை, தலையைக் கவிழ்த்தபடியே இருக்கிறாள் என்று டீச்சர் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே பள்ளிக்கூடத்தில் அதை விசாரிக்க ஓர் ஆள் இல்லை. இங்கே நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளையை வியாழன்தோறும் ஸ்கூல் கவுன்சிலிங் மேடத்திடம் கூட்டிப்போகிறேன். மேடம் கேட்பதையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டேன். "நல்லா தூங்குனியா? யாரைக் கண்டா பயமா இருக்கு?" தேத்தண்ணி கொடுத்துவிட்டு நீங்களும் மெதுவாகக் கேளுங்கள்.

நேற்று மேடம், "அழுகை வந்தா யாரைத் தேடுவ?" என்றார். அந்தப் பிள்ளை ஓடிவந்து என் மடியில் ஏறிக்கொண்டது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

வீட்டம்மா கூப்பிடுகிறார், முடிக்கிறேன். அந்தக் கேள்வியை மட்டும் நம் மகளிடம் கேட்டுவிடாதீர்கள்.

மாலதி