ஐந்தாறு மஞ்சள் கட்டங்கள்

அரியலூர்
15.4.2025

அன்பு மகள் வினோதினிக்கு,

உன் அப்பா நல்லுசாமி எழுதுவது. இங்கு அனைவரும் நலம், உங்கள் நலம் அறிய ஆவல் என்று ஆரம்பிப்பதுதான் முறை. பள்ளிக்கூடத்தில் எனக்கு உருப்படியாகச் சொல்லிக்கொடுத்த ஒரே விஷயம் அதுதான். ஆனால் முதல் வரியிலேயே பொய் எழுத இன்றைக்கு மனசு வரவில்லை. உன் நலம் அறிய ஆவல். அதை மட்டும் வைத்துக்கொள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நீ பத்து வார்த்தை பேசுகிறாய், நானும் சிரித்து மழுப்பி வைத்துவிடுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதோடு நான் கடுங்கோபத்தில் இருக்கிறேன். கோபம் வந்தால் எனக்குப் பேச்சு திக்கும், கையெழுத்து மட்டும் அழகாக வரும். பத்தாவதில் கணக்கில் ஃபெயிலாகி, அந்தக் கோபத்தோடு மறுபடி எழுதின பரீட்சையில் என் கையெழுத்து அச்சடித்ததுபோல் இருந்தது. அதிலும் ஃபெயில்தான், அது வேறு விஷயம்.

கோபம் நீ அனுப்பின படத்தின்மேல். நம்ம ஊர் முந்திரித்தோப்புகள் எரிந்ததற்கு முன்னால் சாட்டிலைட் எடுத்த படத்தையும், எரிந்த பிறகு எடுத்த படத்தையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, எங்கே எவ்வளவு வெந்தது என்று கலர் போட்டு உங்கள் கம்பெனியில் ஒரு வரைபடம் செய்தீர்களாமே, அதன்மேல். எல்லாம் சிவப்பு. நம்ம தோப்பின் கிழக்குப் பாதியில் மட்டும் ஐந்தாறு கட்டம் மஞ்சள். கீழே நீ எழுதியிருந்தாய்: "அப்பா, நம்ம தோப்புல பாதி தப்பிச்சிடுச்சு, கெழக்கால பாதிப்பு குறைவுதான், கவலைப்படாதீங்க. சுத்தி எல்லாம் செவப்பா இருக்கறப்ப அது மட்டும் ஏன் மஞ்சள்னுதான் புரியல. அறிக்கையில காரணம் தெரியலன்னு போட்டிருக்கேன். நேர்ல போயிப் பாத்துச் சொல்லுங்கப்பா, தளச் சரிபார்ப்புக்கு ஆவும்."

பாதிப்பு குறைவாம்.

படத்தோடு கேள்விகளும் அனுப்பினாய். அடிமரம் எவ்வளவு உயரத்துக்குக் கருகியிருக்கிறது, இலை எரிந்ததா காய்ந்ததா, சாம்பல் வெள்ளையா கறுப்பா, எங்கேயாவது துளிர் தெரிகிறதா. மரத்தைப் பற்றி இத்தனை கேள்வி கேட்கத் தெரிந்த உனக்கு, அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒரு கேள்வி வரவில்லை. அவள் உன்னோடு பேசுவதில்லை, அதனால் நீ கேட்பதில்லை. நீ கேட்பதில்லை, அதனால் நான் சொல்வதில்லை. மூன்று பேரும் நல்லா இருக்கிறோம், போ.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு மீதியைத் திட்டுகிறேன். டேப் இல்லை, என்னையே மரத்தோடு மரமாக நிறுத்தி அளந்தேன். பக்கத்தில் உன் சித்தப்பன் தங்கசாமி தோப்பில் என் தலைக்கு மேலே ஒரு கை உயரத்துக்குக் கறுப்பு. இலை ஒன்றுகூட இல்லை. சாம்பல் திருநீறு மாதிரி வெள்ளை. நம்ம மேற்குப் பாதியில் என் நெஞ்சு வரைக்கும் கறுப்பு, இலை எரியவில்லை, வதங்கித் தவிட்டு நிறத்தில் தொங்குகிறது. கிழக்கே முழங்காலுக்குக் கீழேதான் கறுப்பு, அதுவும் ஒரு பக்கம் மட்டும். தாழ்ந்த கிளை கொஞ்சம் சுருண்டிருக்கிறது, உச்சி பச்சையாக இருக்கிறது. என் உயரம் ஐந்தடி மூணு அங்குலம். ஐந்தடிதான் என்று உன் அம்மா சாதிப்பாள். அந்த மூணு அங்குலத்தை உன் கணக்கில் எப்படி வேண்டுமானாலும் கழித்துக்கொள்.

இதெல்லாம் மாட்டைப் பார்க்க ஒரு நாள் ஊருக்குப் போனபோது அளந்தது. மற்றபடி பத்து நாளாக அரியலூர் பெரியாஸ்பத்திரியில்தான் இருக்கிறேன். எனக்கு ஒன்றுமில்லை. யாருக்கு என்று இப்போது நீ குறுக்கே கேட்டிருப்பாய். அதற்குத்தான் கடிதம். உன் அம்மாவுக்கு. உட்கார்ந்து படி. உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நடந்ததைச் சொல்கிறேன். கொட்டை விழும் காலத்தில் மரத்தடியைப் பெருக்கிச் சருகைக் குவித்துக் கொளுத்துவது எல்லோரும் செய்வதுதான். பனி ஈரம் இருக்கும்போது விடியற்காலையில் கொளுத்துவோம். உன் சித்தப்பன் தங்கசாமி, சாயங்காலம் குன்னத்தில் மச்சினி வீட்டுக் காதுகுத்துக்குப் போகிற அவசரத்தில், காற்று பேய்மாதிரி அடிக்கிற உச்சிவெயிலில் கொளுத்தினான். ஊரே எரிந்தது. ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, "அண்ணே, நான் வேணும்னா பண்ணுனேன்?" என்று அழுதான். ஹார்லிக்ஸை வாங்கிப் பத்திரமாக வைத்துவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்து கேட்டார்.

தீப்பிடித்தபோது இந்த வீராதிவீரன் எங்கே இருந்தேன் தெரியுமா? ஆண்டிமடத்தில், முடிவெட்டும் கடை நாற்காலியில். சேதி வந்ததும் கழுத்தில் கட்டின துணியோடு எழுந்து ஓடிவந்தேன். இன்றுவரை என் தலையில் இடப்பக்கம் வெட்டினது, வலப்பக்கம் வெட்டாதது. மருந்து வைக்க வருகிற நர்ஸ் பொண்ணு என்னைப் பார்த்தாலே வாயைப் பொத்திக்கொள்கிறது. உன் சாட்டிலைட் பார்த்தால் ஒரு பக்கம் சிவப்பும் ஒரு பக்கம் மஞ்சளும் போடும். காரணம் தெரியவில்லை என்று நீ எழுதுவாய்.

தீயணைப்பு வண்டி வந்தது, சந்துக்குள் நுழைய முடியவில்லை. வருஷா வருஷம் வேலியை வெளியே தள்ளிப் போட்டவர்கள் நாங்கள்தானே. தங்கசாமி ஒரு முழம் தள்ளினான், நான் அரை முழம். நாங்கள் ஆம்பளைகள் எல்லோரும் சேர்ந்து என்ன செய்தோம்? மோட்டார் கொட்டகையைக் காப்பாற்றினோம். மோட்டாரைக் கழற்றினோம், குழாயைச் சுருட்டினோம், ஒருத்தனுக்கு ஒருத்தன் கத்தினோம். உன் அம்மா பூங்காவனம் வீட்டில் இருப்பாள் என்று நினைத்தேன். அவள் எங்களைத் தாண்டி, நாங்கள் யாரும் பார்க்காமல், ஈரச்சாக்கை எடுத்துக்கொண்டு கிழக்கே போயிருக்கிறாள்.

அங்கே என்ன இருக்கிறது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். பெரம்பலூர் காலேஜில் படிக்கும்போது விருத்தாசலத்தில் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்து நீ கொண்டுவந்த ஒட்டுக்கன்றுகள். நடும்போது உன் அம்மா என்ன பேச்சுப் பேசினாள்! "இடுப்பு ஒசரத்துல காய்க்குற மரத்த வச்சு, கொட்டைய வித்து இவ கம்மல் செய்யப் போறா" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாளே. நீ மாப்பிள்ளை பிரேமை ரெஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்ட பிறகு உன் பேரை எடுக்கக்கூடாது என்று எனக்கு உத்தரவு. ஆனால் தினம் காலையில் அந்த மரங்களின் அடியை மட்டும் பெருக்கிவிடுவாள். சருகு ஒன்று கிடக்காது. ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். பாம்பு வரும் என்றாள். மேற்குப் பாதியில் பாம்பு வராதா என்று நான் கேட்கவில்லை. எனக்கும் கொஞ்சம் புத்தி உண்டு.

அடியில் சருகு இல்லாததால் தீ அங்கே தயங்கியிருக்கிறது. வேலி ஓரமாக வந்ததை இவள் சாக்கால் அடித்து அடித்து நிறுத்தியிருக்கிறாள். அடித்து அணைத்தவளை எரித்தது தீ இல்லை, கொட்டை. வேலி ஓரத்தில் விழுந்து கிடந்த கொட்டைகள் சூட்டில் வெடித்து எண்ணெயைப் பீய்ச்சியிருக்கின்றன. அந்த எண்ணெய் பச்சையாகப் பட்டாலே தோல் பொத்துப்போகும். கொதிக்கக் கொதிக்கப் பட்டால் என்ன ஆகும்? இரண்டு கையும் முழங்கை வரைக்கும், வலது பாதமும். நாங்கள் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு பெருமையாக வந்து பார்த்தபோது, அவள் உன் மரம் ஒன்றின் அடியில் கையை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாக்கு கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அது ஏன் மஞ்சள் என்று கேட்டாயே, இதுதான் பதில். படத்தை மேகம் மறைக்கவும் இல்லை, உன் கணக்கில் தப்பும் இல்லை. ஒரு கட்டம் இருபது மீட்டர் அகலம், இருபது மீட்டர் நீளம், அதற்குள் ஆள் நின்றால் தெரியாது என்று நீதான் ஒரு தடவை விளக்கினாய். நின்றாள் அம்மா. காரணம் தெரியவில்லை என்று எழுதினதை அடித்துவிடு. அந்த இடத்தில் உன் அம்மா பேரைப் போட உன் ஆபீஸ் ஒத்துக்கொள்ளாது என்றால், காலியாகவாவது விடு. பாதிப்பு குறைவு என்கிற சொல்லை மட்டும் என் கண்ணில் இன்னொரு தடவை காட்டாதே.

உன்மேல் மட்டும் கோபம் என்று நினைக்காதே. அவள்மேலும் கோபம். நூறு வருஷத்து மரம் எரியும்போது போகாதவள் இந்தக் குட்டை மரத்துக்காக எதற்குப் போனாள்? என்மேலும் கோபம், மோட்டாரைத் தூக்கின இந்தக் கைகளில் ஒரு கொப்புளம்கூட இல்லை. உன் சாட்டிலைட்மேலும் கோபம். ஐந்து நாளைக்கு ஒரு தடவை தவறாமல் நம்ம தோப்புக்கு மேலே வந்துபோகிறதாம். அதற்குச் சொந்தமா பந்தமா? நீ வந்து இரண்டு வருஷம்.

டாக்டர் நல்ல மனுஷன். காயத்தின் ஆழம் உடனே தெரியாது, சில நாள் போனால்தான் தெரியும் என்கிறார். எரிந்த மரத்துக்கு நீ சொன்னதும் இதேதான். தோல் எடுத்து ஒட்ட வேண்டியிருக்குமா என்று அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பார்த்து முடிவு செய்வார்களாம். அவள் அதைக் கேட்டுப் பயப்படவில்லை, நான்தான் வெளியே போய் இரண்டு டீ குடித்துவிட்டு வந்தேன்.

உனக்குச் சொல்லக்கூடாது என்பது அவள் போட்ட கட்டளை. "ஐதராபாத்துக்குத் தெரிஞ்சிதுன்னா நான் ஒரு வாய் கஞ்சி குடிக்கமாட்டேன், பாத்துக்குங்க" என்றாள். ஊட்டிவிடுகிறவன் நான், மிரட்டுகிறவள் அவள். அதனால்தான் போனில் எல்லோரும் நல்லா இருக்கோம் என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்று வருஷப்பிறப்பு. பக்கத்துப் படுக்கைக்காரர் வீட்டிலிருந்து பாயசம் கொடுத்தார்கள். அதை ஊட்டிக்கொண்டிருக்கும்போது எனக்கு மறுபடியும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போனை எடுத்து, "பாரு, உன் மவ ஐதராபாத்துல உக்காந்துகிட்டு என்ன லட்சணத்துல எழுதியிருக்கா" என்று உன் படத்தை அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன். மோட்டார் கொட்டகை எது என்று கேட்டாள், காட்டினேன். வேலி எது, காட்டினேன். மஞ்சளை அவளே கண்டுபிடித்துவிட்டாள். "இது அவ போட்டதா?" என்றாள். ஆமாம் என்றேன். போன் வெளிச்சம் அணைந்துவிட்டது. தொட்டுப் பார்க்க அவளுக்குக் கை இல்லை, திரும்பப் போடச் சொன்னாள். அணைந்தது, மறுபடியும் போடச் சொன்னாள். கடைசியில், "சரியாத்தான் போட்டிருக்கா" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மீதிப் பாயசத்தை நான் குடித்தேன்.

உன் பேரை இன்னும் சொல்லவில்லை. 'அவ' என்றாள். இரண்டு வருஷத்தில் எனக்குக் கேட்ட பெரிய வார்த்தை அதுதான்.

ஆகையால் நான் ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். பத்தாவது ஃபெயில் போட்ட திட்டம், அதற்குத் தக்கபடிதான் இருக்கும். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் புறப்பட்டு வா. நான் கடிதம் எழுதினேன் என்று மூச்சு விடாதே. ஆபீஸ் வேலையாக, தளச் சரிபார்ப்புக்கு வந்தேன், ஊரில் சொன்னார்கள் என்று சொல்லு. அவள் நம்பமாட்டாள். ஆனால் நம்பினமாதிரி இருப்பாள், அதில் அவள் கெட்டிக்காரி. மாப்பிள்ளையையும் கூட்டி வா. டேப் பிடிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் என் தலையைப் பார்த்துச் சிரித்தால் நான் கோபித்துக்கொள்ளமாட்டேன், முதல் தடவை பார்க்கிறவர்.

முதல் மாடி, தீக்காய வார்டு, ஜன்னல் ஓரப் படுக்கை. வந்ததும் அழுதுகொண்டு கையைப் பிடித்துவிடாதே, இரண்டிலும் கட்டு இருக்கிறது. தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்து நாளாக நான்தான் சீவிப் பின்னிவிடுகிறேன், வகிடு ஒரு பக்கம் போகிறது, பின்னல் ஒரு பக்கம் போகிறது, அவளும் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். சீப்பு தலையணைக்கு அடியில் இருக்கிறது.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். பத்திரமாக வந்து சேருங்கள்.

கோபத்துடன்,
உன் அப்பா
நல்லுசாமி